பகிர்வு வீட்டுக்கு உரிமம்

இங்கிலாந்தில், வெவ்வேறு குடும்பத்தினர் சமையலறையையும் குளியலறையையும் பொதுவில் பயன்படுத்தி வாடகைக்கு வாழும் வீட்டை, 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் பல குடித்தன வீடு என வகைப்படுத்துகிறது. அத்தகைய வீட்டில் ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வசித்தால், அதை வாடகைக்கு விடுபவர் உள்ளாட்சி மன்றத்திடம் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உரிமம் பெறுவது பொதுவாகக் கட்டாயமாகும். முன்பு மூன்று தளங்களுக்குக் குறையாத வீடுகளுக்கே உரியதாக இருந்த இவ்விதி, 2018 அக்டோபர் 1 முதல் தளக் கணக்கின்றி விரிவாக்கப்பட்டது.

உரிமம் கோருபவர் தகுதியும் நேர்மையும் உடையவர்தானா, அதாவது மோசடி, வன்முறை போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெறாதவர்தானா என்பதை மன்றம் ஆராய்கிறது. பத்து வயதைக் கடந்த ஒருவர் தனியே உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 70 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்பதும், புகை எச்சரிக்கைக் கருவிகள் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பதும் உரிமத்தின் நிபந்தனைகளாகும். ஒரு கூரையின்கீழ் வாழ்வோர் பெருகப் பெருகத் தீயும் நெரிசலும் விளைக்கும் ஆபத்தும் பெருகும் என்பதே இவ்விதிகளின் அடிப்படை.