ஐந்து கோல்கள்

கல்கத்தாவில் நெடுநாள் வாழ்ந்த தமிழர் இருவர் எந்த ஊரில் சந்தித்தாலும், பேச்சு எங்கு தொடங்கினும், ஒருநாள் 1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதியில் வந்து நிற்கும். அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்கால் கட்சி மோகன் பகானை ஐந்து கோல்களுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றது. தோற்ற கட்சியின் அபிமானிகள் நாங்கள்.

அந்நகரில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1911-இல் வெறுங்கால்களோடு ஆடிப் பிரிட்டிஷ் பட்டாளத்துக் கட்சி ஒன்றை வென்று ஷீல்டைக் கைப்பற்றியது. அது மேற்கு வங்கத்துப் பூர்வ குடிகளின் பெருமை. 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்காலோ, கீழ்வங்கத்திலிருந்து வந்தவர்களின் கட்சி. பிரிவினையில் வீடும் நிலமும் இழந்து வந்தோருக்கு அச்சிவப்பு மஞ்சள் கொடி ஒன்றே சொந்த மண்ணாயிற்று. மோகன் பகான் வென்றால் சந்தையில் இறாலுக்குக் கிராக்கி. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனுக்குக் கிராக்கி.

பிழைப்பை நாடித் தெற்கிலிருந்து சென்ற நாங்கள், லேக் மார்க்கெட் பக்கத்துக் குடித்தனங்களில் வாழ்ந்தோம். நியாயமாகப் பார்த்தால், ஊர்விட்டு வந்தவர்களின் கட்சியோடுதான் நாங்கள் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் மோகன் பகானைப் பற்றிக்கொண்டோம். புதிதாக வந்தவனுக்குப் பழைய வீட்டின் திண்ணையில் இடம் பிடிக்க ஆசை இருப்பது இயல்புதானே!

அன்று செவ்வாய்க்கிழமை. வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தோம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களிலேயே சுரஜித் சென்குப்தா முதல் கோலைப் போட்டார். ஷ்யாம் தாபா பெனால்டி ஒன்றைத் தவறவிட்டபோது எங்களுக்குச் சற்று உயிர் வந்தது. ஆனால் அவரே இரண்டு கோல்களைப் போட்டார். ரஞ்சித் முகர்ஜி ஒன்று. இறுதியில் சுபங்கர் சன்யால் ஒன்று. நான்காவது கோலுக்குப் பின் எங்களுள் ஒருவர் எழுந்து பெட்டியை நிறுத்தினார். ஐந்தாவதை நாங்கள் கேட்கவில்லை. தெருவில் எழுந்த ஆரவாரம் அறிவித்தது.

அன்றிரவு பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. மோகன் பகான் ஆட்டக்காரர் சிலர் அபிமானிகளின் சினத்துக்கு அஞ்சிக் கங்கையில் படகில் இரவைக் கழித்தனர் என்பார்கள். இவை இன்று சிரிப்பதற்குரிய செய்திகள். சிரிக்க இயலாத செய்தியும் உண்டு. தோல்வியைப் பொறாத இளைஞர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். ஒரு பந்தயத்தின் விலை ஓர் உயிரா என்று அன்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். 1980 ஆகஸ்ட் 16-இல் இதே இரு கட்சிகளின் ஆட்டத்தில் ஈடன் தோட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் மாண்ட பின்னரே அக்கேள்வி நகரத்தின் நெஞ்சில் தைத்தது.

எங்கள் எதிர்வீட்டார் பாரிசாலிலிருந்து வந்த குடும்பத்தினர். மறுநாள் காலை அவ்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். பரிகாசம் செய்ய வருகிறார் என்றே எண்ணினோம். அவர் கையில் ஒரு தட்டு. “நீங்கள் மீன் உண்ணாதவர்கள், ஆகையால் சந்தேஷ்” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் நின்று, “இருபத்தெட்டு ஆண்டுகளாக இழந்ததையே எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று ஒருநாள் பெற்றதை எண்ணினேன்” என்றார். அந்தச் சந்தேஷ் தொண்டையில் இறங்கச் சிறிது நேரமாயிற்று. ஆயினும் உண்டோம்.

விளையாட்டில் நிரந்தரத் தோல்வி என்பது இல்லை. அன்று நான்கு கோல்களை விட்டு, ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறிய இளம் கோல்காப்பாளர் பாஸ்கர் கங்குலி, 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டில் இந்தியக் கட்சிக்கே தலைவரானார். 1976 லீகில் முகமது அக்பர் ஆட்டம் தொடங்கிய சில விநாடிகளிலேயே கோல் போட, மோகன் பகான் தலைநிமிர்ந்தது. 2009 அக்டோபர் 25-இல் சிடி எடே ஒருவரே நான்கு கோல்கள் போட்டு, ஐந்துக்கு மூன்று என்று வென்றபோது, கணக்குத் தீர்ந்தது என்றோம். “பூஜ்யம் எங்கே, மூன்று எங்கே?” என்று மறு தரப்பார் இன்றும் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

ஒன்றைமட்டும் இப்போது உணர்கிறோம். வெற்றி நாட்களில் நாங்கள் அந்நகரின் விருந்தினர். அந்தத் தோல்வி இரவில், தெருவே துயருற்றபோது உடன் துயருற்றோமே, அன்றுதான் அவ்வூரார் ஆனோம். வேற்றூரில் வேர்விட முயலும் அன்பர்களே, அவ்வூரின் கொண்டாட்டத்துக்கு யாரும் அழைப்பார்கள். அதன் துக்கத்தில் அழைப்பின்றியே உங்களுக்கு இடம் கிடைக்கும் நாளில், அது உங்கள் ஊராகிவிட்டது என்று அறியுங்கள்.