நீலோஃபர்: நாடிழந்த இளவரசியும் அவர் உடுத்திய சேலைகளும்

அரசகுலத்துப் பெண்ணொருத்தி பிறந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் ஆடை உலகின் முகமாகப் புகழ்பெறும் கதை பெரும்பாலும் அழகின் கதையாகவே சொல்லப்படுகிறது. வரலாற்றில் அது மெய்யாக நிகழ்ந்த இடங்களிலோ, அது முதலில் பிழைப்பின் கதையாகவே இருந்திருக்கிறது. நிலமும் கருவூலமும் பறிபோன குடும்பத்திடம் எஞ்சுபவை குலப்பெயரும் வளர்ப்பும் தோற்றமும்தான் என்பதால், அவற்றை யார், எந்த விலைக்கு ஏற்றுக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தே அத்தகைய பெண்ணின் வாழ்க்கை அமைந்தது. பஞ்சையும் நூலையும் துணியையும் நம்பி வாழும் கோவை மண்டலத்தில் இதைப் பேசும்போது, உடுத்தியவரின் வாழ்க்கையோடு, உடையைச் செய்தவரின் கைவேலையையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

நீலோஃபர் 1916 ஜனவரி 4 அன்று இஸ்தான்புல் நகரில் பிறந்தார். அவருடைய தாய் ஆதிலே சுல்தான், உதுமானியப் பேரரசர் ஐந்தாம் முராதின் வழிவந்தவர். தந்தையோ குழந்தைக்கு மூன்று வயது நிறையும் முன்பே மறைந்துவிட்டார். முதல் உலகப் போரில் தோற்ற பேரரசு சிதைந்து, 1922 இல் சுல்தான் பதவியும், 1924 மார்ச் 3 அன்று கலீஃபா பதவியும், அதாவது உலக முஸ்லிம்களின் தலைமைப் பொறுப்பாகக் கருதப்பட்ட அந்தப் பீடமும், துருக்கியின் தேசிய சட்டமன்றத்தால் ஒழிக்கப்பட்டன. அரசகுலத்தார் அனைவரும் நாடு கடத்தப்பட்டபோது, எட்டு வயதுச் சிறுமியான நீலோஃபர் தாயுடன் பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரில் அடைக்கலம் புகுந்தார். கடைசிக் கலீஃபாவான இரண்டாம் அப்துல் மஜீதும் அங்கேதான் குடியிருந்தார். அவருக்கு ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் மாதந்தோறும் உதவித்தொகை அனுப்பிவந்தார்.

அந்த உதவித்தொகையின் தொடர்ச்சியாகவே 1931 நவம்பர் 12 அன்று நீஸில் நடந்த இரட்டைத் திருமணத்தைப் பார்க்க வேண்டும். கலீஃபாவின் மகள் துர்ருஷேவர் நிஜாமின் மூத்த மகன் ஆசம் ஜாவையும், நீலோஃபர் இளைய மகன் முஅஸ்ஸம் ஜாவையும் மணந்தனர். நிஜாமிடம் செல்வம் இருந்தது, நாடிழந்தோரிடம் குலப்பெருமை இருந்தது. இரண்டுக்கும் இடையே நடந்த அந்த ஏற்பாட்டில் பதினைந்து வயதுப் பெண்ணின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஹைதராபாத்தில் அவர் பர்தா முறைக்குள், அதாவது பெண்கள் பிற ஆடவர் பார்வைக்கு வராத வாழ்க்கைக்குள், அடங்கியிருக்கவில்லை. விழாக்களிலும் விருந்துகளிலும் முகத்திரையின்றிக் கலந்துகொண்டார். ஊதியம் பெற்று உடைகளை அணிந்து காட்டுபவரே மாடல் எனப்படுவார் என்றால், நீலோஃபர் மாடல் அல்லர். ஆயினும் அந்தக் காலத்தின் ஒளிப்படங்களில் அவர் நிற்கும் நிலையும், தோளிலிருந்து முந்தானை விழும் விதமும், சேலை என்ற உடையை ஐரோப்பிய, அமெரிக்க நாகரிக உலகம் பார்த்த பார்வையை மாற்றியதில் பங்கு கொண்டவை. பிறப்பால் இந்தியரல்லாத ஒருவர் சேலையையே தம் அடையாளமாக ஏற்று, அதைத் தமக்கென்றே தனிவகையாக வடிவமைக்கச் செய்தார் என்பது வியப்புக்குரியது.

அந்தச் சேலைகள் பலவற்றை உருவாக்கியவர் பம்பாயைச் சேர்ந்த மாதவ்தாஸ். அவர் செய்த சேலைகள் சில இன்று நியூயார்க்கில் உள்ள ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அரச குடும்பப் பெண்களிடையே மெல்லிய ஷிஃபான் சேலையைப் பரப்பிய பெருமை கூச் பிஹார் மகாராணி இந்திரா தேவிக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. நீலோஃபரின் சேலைகள் அதற்கு மேலும் ஒருபடி சென்று, மெல்லிய துணியின்மேல் கனத்த உலோகப் பூவேலையை ஏற்றின. இன்று காந்திபுரம் கிராஸ்கட் சாலையில் கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் ஆரி ஒர்க் என்று கேட்கும் வேலைக்கு இது நெருங்கிய உறவு. இருவகை வேலையிலும் துணியை மரச்சட்டத்தில் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுகிறார்கள். ஆரியில் கொக்கி முனை ஊசி துணிக்கு அடியிலிருந்து நூலைச் சங்கிலியாக மேலே இழுக்க, சர்தோசி எனப்படும் உலோக இழை வேலையிலோ, சுருள்கம்பியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் மணி கோப்பதுபோல் ஊசியில் கோத்துத் தைக்கிறார்கள். கனமான பட்டு இந்த எடையை எளிதில் தாங்கும். மெல்லிய துணியில் ஒரு தையல் இறுகினாலும் சுற்றிலும் சுருக்கம் விழுந்துவிடும். எனவே படத்தில் மிதப்பதுபோலத் தெரியும் அந்த முந்தானைக்குப் பின்னால், சட்டத்தின்முன் குனிந்திருந்த கைவினைஞரின் அளந்த இழுவிசை இருக்கிறது. இளவரசியின் பெயர் நிலைக்க, மாதவ்தாஸ் துறை அறிஞர்கள் மட்டும் அறிந்த பெயராகச் சுருங்கிப்போனதும், சட்டத்தின்முன் அமர்ந்து தைத்தவர்களின் பெயரே பேசப்படாமற் போனதும் ஆடை வரலாற்றுக்கு நேர்ந்த பெரிய குறை.

நாடிழந்த அரசமகள் கூலி பெறும் மாடலாகவே ஆன கதையை ஆப்பிரிக்காவில் காணலாம். உகாண்டாவின் டோரோ அரசகுலத்தில் 1936 இல் பிறந்த எலிசபெத், கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்று, 1965 இல் இங்கிலாந்தில் வழக்கறிஞர் தகுதி பெற்றவர். 1967 இல் மில்டன் ஒபோட்டேயின் அரசு அந்நாட்டின் பாரம்பரிய அரசுகளை ஒழித்தபின், பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட்டின் அழைப்பின்பேரில் லண்டனில் ஓர் ஆடை அணிவகுப்பில் பங்கேற்றார். அதுவே அவருக்குத் தொழிலாகி, வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் ஆகிய இதழ்கள் வரை கொண்டுசென்றது. பின்னர் 1974 இல் இடி அமீனின் வெளியுறவு அமைச்சராகி, அதே ஆண்டு பதவி நீக்கப்பட்டு, மீண்டும் நாட்டைவிட்டுத் தப்ப நேர்ந்தது. நீலோஃபருக்கு மணஉறவு வழியாக வந்த பாதுகாப்பு, எலிசபெத்துக்கு உழைப்பின் ஊதியமாக வந்தது. கையில் கல்வித் தகுதியும் தொழிலும் இருந்ததால் அவருடைய வழி அவர் கையிலேயே இருந்தது.

நீலோஃபருக்குக் குழந்தைப்பேறு வாய்க்கவில்லை. அவருடைய பணிப்பெண் ரஃபத்துன்னிசா பேகம் 1949 இல் மகப்பேற்றின்போது உரிய மருத்துவம் கிடைக்காமல் இறந்தது அவரை உலுக்கியது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை வேண்டுமென்று மாமனாரான நிஜாமிடம் அவர் வற்புறுத்தியதன் பயனாக, 1953 இல் ஹைதராபாத் ரெட்ஹில்ஸ் பகுதியில் நீலோஃபர் மருத்துவமனை திறக்கப்பட்டது. உஸ்மானியா மருத்துவக் கல்லூரியோடு இணைந்து அது இன்றும் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளைக் காத்துவருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செவிலியர் பயிற்சியும் பெற்றிருந்தவரை அழகுப் பட்டியல்களில் மட்டும் நினைவுகூர்வது, அவர் செய்தவற்றில் பாதியை மறைப்பதாகும்.

1952 இல் மணமுறிவு ஏற்பட்டது. அரசகுலப் பெண்கள் தாயகம் திரும்பலாம் என்று துருக்கி சட்டம் செய்ததும் அதே ஆண்டில்தான்; ஆண்களுக்கு அந்த உரிமை 1974 வரை கிடைக்கவில்லை. இஸ்தான்புல்லின் கதவு திறந்திருந்தும், நீலோஃபர் பாரிஸையே தம் ஊராகத் தேர்ந்து, 1963 இல் எட்வர்ட் போப் என்பவரை மணந்து, 1989 ஜூன் 12 அன்று அங்கேயே காலமானார். பதினைந்து வயதில் பிறர் முடிவு செய்த வாழ்க்கையில், வாழும் ஊரையும் வாழ்க்கைத் துணையையும் அவரே தேர்ந்துகொண்ட காலம் அதுதான்.