தூசியை நிறுக்கும் துலாக்கோல்



சுரங்கம் வெடித்தது, கூரை இடிந்து வீழ்ந்தது, நீர் புகுந்தது என்னுஞ் செய்திகள் உலகின் செவிக்கு உடனே எட்டிவிடுகின்றன. ஆனால் அதே சுரங்கத்திலே, எவ்வித ஓசையுமின்றி, இருபது முப்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல மனிதனை மாய்க்கின்ற பகை ஒன்று உண்டு. அதுவே நிலக்கரித் தூசி. அத்தூசியை அளந்தறிவதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும், அம்முயற்சிகளிடையே புகுந்த குறைபாடுகளையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சுரங்கத்தின் காற்றில் மிதக்குந் துகள்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. கண்ணுக்குப் புலனாகும் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்பட்டுச் சளியோடு வெளியேறிவிடுகின்றன. கண்ணுக்குப் புலனாகாதவையே கொடியவை. ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் வரும் ஒரு கூறு மைக்கிரோன் எனப்படும். ஏறத்தாழ ஐந்து மைக்கிரோனுக்குக் குறைந்த துகள்களே சுவாசப்பையின் அடியறைகள் வரை செல்ல வல்லன. நமது தலைமயிரின் தடிப்போ அதனினும் பத்து மடங்குக்கு மேற்பட்டது. உள்ளே சென்று படிந்த துகள்களைச் சூழ்ந்து தழும்பு போன்ற இழையம் வளர்கிறது, சுவாசப்பை இறுகுகிறது, படியேறவும், பின்னர் படுக்கையிற் புரளவும் மூச்சுப் போதாமற் போகிறது. இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. முற்றிய நிலையில், தொழிலை விட்டு விலகிய பின்னருங்கூட இது வளரக்கூடும். ஆகவே, இந்நோயைப் பொறுத்தவரையில் வைத்தியர் கடைசியில் வருபவர். முதலில் வரவேண்டியவர் தூசியை அளப்பவரே.

சுரங்க வாயுவின் அபாயத்தை அறிவதற்கு 1815ஆம் ஆண்டிலேயே சேர் ஹம்பிரி டேவி ஒரு விளக்கை அமைத்துக் கொடுத்தார். வாயு கலந்த காற்றிலே அவ்விளக்கின் சுடர் நீலங் கவிந்து உயரும். அதைக் கண்ட தொழிலாளி வெளியேறித் தப்பிப்பான். ஆனால் தூசிக்கு அத்தகைய விளக்கு எதுவும் இருக்கவில்லை. நிலக்கரித் தூசி தீங்கற்றது என்றே பல காலம் வைத்தியருட் பலரும் நம்பியிருந்தனர்.

அந்நம்பிக்கையைத் தகர்த்தது பிரித்தானியாவின் தென்வேல்ஸ் பிரதேசம். அங்குள்ள சுரங்கத் தொழிலாளரைப் பற்றி மருத்துவ ஆராய்ச்சிச் சபை நடத்திய ஆய்வின் பயனாக, நிலக்கரித் தூசியால் வரும் நோய் தனியொரு நோயென ஏற்கப்பட்டு, 1943இல் நட்டஈட்டுக்கு உரியதாயிற்று. அதன்பின் ஐம்பதுகளின் தொடக்கத்திலே தேசிய நிலக்கரிச் சபை பெரியதோர் ஆராய்ச்சியைத் தொடக்கியது. இருபதுக்கு மேற்பட்ட சுரங்கங்களில், பல்லாயிரந் தொழிலாளரின் மார்பைக் கதிர்ப்படம் பிடித்ததோடு, அவர்கள் எவ்வளவு தூசியைச் சுவாசித்தனர் என்பதும் ஆண்டாண்டாகப் பதியப்பட்டது. முன்னாளில் தூசியைக் கண்ணாடித் தகட்டிற் படியச் செய்து, நுணுக்குக்காட்டியின் கீழே துகள்களை எண்ணி வந்தனர். எண்ணுவதைக் காட்டிலும் நிறுப்பதே நோயோடு நெருங்கிய தொடர்பைக் காட்டுகிறது என்பது இவ்வாராய்ச்சியின் பெரும் பயனாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மாற்றம் எளிதில் வரவில்லை. 1968 நவம்பர் 20ஆந் திகதி மேற்கு வேர்ஜீனியாவின் பார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டனர். அடுத்த பெப்ருவரியில், தூசி நோய்க்கு நட்டஈடு வேண்டி அம்மாநிலத்தின் ஏறத்தாழ 40,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவ்வாண்டின் இறுதியிலே நிலக்கரிச் சுரங்கச் சுகாதார பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒரு கன மீற்றர் காற்றில் நுண்தூசி முதலில் மூன்று மில்லிகிராமுக்கும், 1972இன் இறுதி முதல் இரண்டு மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது விதி.

இரண்டு மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஓர் அரிசிமணியின் நிறை ஏறத்தாழ இருபது மில்லிகிராம். அதிற் பத்திலொரு பங்கைப் பொடியாக்கி, மூன்று பக்கமும் ஒரு மீற்றர் அளவான பெட்டியினுள்ளே தூவினால், அதுவே சட்டம் அனுமதித்த எல்லை. எட்டு மணி நேரம் உழைக்கும் ஒருவன் ஏறத்தாழப் பத்துக் கன மீற்றர் காற்றை உள்ளிழுக்கிறான். எனவே நாளொன்றுக்கு ஓர் அரிசிமணியளவு தூசி அவன் மூச்சோடு உட்செல்லும். அதில் ஒரு பகுதியே உடலில் தங்குமாயினும், முப்பது ஆண்டுகளில் அது சிறிய அளவாகாது.

அளக்கும் முறையோ எளிமையானது. தொழிலாளியின் இடுப்பிலே சிறு பம்பி ஒன்று கட்டப்படும். அது நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் காற்றை இழுக்கும். காற்று ஒரு சிறு கூம்பினுள்ளே சுழலும்போது பெரிய துகள்கள் கீழே வீழ, நுண்ணியவை மட்டும் வடிதாளிற் படியும். பின்னர் அத்தாள் அரசாங்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படும். முன்னும் பின்னும் நிறுத்த நிறைகளின் வேறுபாடே தூசியின் அளவு.

இங்கே இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, விடை வந்து சேரப் பல நாள் சென்றது. அதற்குள் தூசி சுவாசப்பையிற் குடிபுகுந்துவிடும். இரண்டாவது குறையோ கருவியினுடையதன்று, மனிதருடையது. மாதிரிகளிற் பெரும்பாலானவற்றை எடுக்கும் பொறுப்பு சுரங்க உரிமையாளரிடமே விடப்பட்டது. வேலியிடமே பயிரின் கணக்கைக் கேட்ட கதையாயிற்று. பம்பியைத் தூய காற்றுள்ள இடத்தில் தொங்கவிடுவதும், உணவுப் பெட்டிக்குள் மறைப்பதும் பல சுரங்கங்களில் நடந்தன. இதைச் செய்தவருள் தொழிலாளரும் இருந்தனர் என்பது வருந்தத்தக்கது. சுரங்கம் மூடப்பட்டால் பிள்ளைகளின் உணவுக்கு வழியென்ன என்ற அச்சம், தம் மூச்சுக்குத் தாமே பொய்க்கணக்கு எழுத அவர்களைத் தூண்டியது.

1991இல், 500க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அனுப்பிய ஏறத்தாழ 4,700 வடிதாள்களின் நடுப்பகுதி இயல்புக்கு மாறாக வெளுத்திருந்ததென அரசாங்கம் குற்றஞ் சாட்டியது. ஆயினும், வேறு காரணங்களாலும் அவ்வாறு வெளுக்கலாம் என்ற வாதத்தின் முன் அவ்வழக்குகளிற் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. வேறு வழக்குகளில் மாதிரிகளைத் திரித்ததாகப் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் உண்டு.

விதிகளிலும் ஓட்டைகள் இருந்தன. வழமையான உற்பத்தியிற் பாதி நடைபெற்ற நாளிலும் மாதிரி எடுக்கலாம். ஐந்து மாதிரிகளின் சராசரியே கணக்கிடப்பட்டமையால், ஒரு நாளின் மிகுதி மற்ற நாட்களின் குறைவில் மறைந்தது.

தாளில் எழுதிய கணக்கு ஒன்று சொல்ல, தொழிலாளரின் மார்பு வேறொன்று சொன்னது. 2010 ஏப்ரிலில் மேற்கு வேர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 29 பேர் இறந்தனர். சோதிக்கத்தக்க நிலையில் சுவாசப்பை இருந்த 24 பேரில் 17 பேரிடம் தூசி நோய் காணப்பட்டது. தென்மேற்கு வேர்ஜீனியாவின் மூன்று வைத்திய நிலையங்களில் மாத்திரம், 2013 முதல் 2017 வரை, முற்றிய நிலையிலான நோயாளர் 416 பேர் கண்டறியப்பட்டனர். ஒழிந்து வருவதாகக் கருதப்பட்ட நோய் மீண்டுந் தலைதூக்கியமை இவற்றாற் புலனாயிற்று.

2014இல் புதிய விதிகள் வந்தன. எல்லை ஒன்றரை மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டு, 2016 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. மாதிரி எடுக்கும் நாளில் வழமையான உற்பத்தியில் 80 வீதமாயினும் நடைபெற வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மட்டுமன்றி, வேலைமுறை முழுவதற்கும் அளக்க வேண்டும். இவை எல்லாவற்றினும் மேலாக, அதே ஆண்டு பெப்ருவரி முதல் புதுவகைக் கருவியொன்று கட்டாயமாக்கப்பட்டது.

வீணையின் மெல்லிய நரம்பு விரைந்து அதிரும்; தடித்த நரம்பு மெதுவாக அதிரும். இக்கருவியினுள்ளே அதிரும் சிறு குழலொன்றின் நுனியில் வடிதாள் பொருத்தப்பட்டிருக்கும். தூசி படியப் படியப் பாரங் கூடும்; பாரங் கூடக் கூட அதிர்வு தளரும். அத்தளர்ச்சியைக் கொண்டு தூசியின் நிறை அவ்விடத்திலேயே கணிக்கப்படுகிறது. கடந்த முப்பது நிமிடத்திற் சுவாசித்தது எவ்வளவு, வேலை தொடங்கியது முதல் எவ்வளவு, எல்லையை அணுகிவிட்டோமா என்பனவற்றைத் தொழிலாளி தன் இடுப்பிலுள்ள கருவியிலேயே வாசித்தறிகிறான். நீர்த்தூவலைப் பெருக்கவும், காற்றோட்டத்தைச் சீர்செய்யவும், தான் நிற்கும் இடத்தை மாற்றவும் அன்றைக்கே வழி பிறக்கிறது. டேவியின் விளக்கு வாயுவுக்குச் செய்த பணியைத் தூசிக்குச் செய்யும் கருவி, இருநூறு ஆண்டுகளின் பின்னரே வந்து சேர்ந்தது எனலாம்.

எனினும் இதனோடு எல்லாம் நிறைவுற்றதாகக் கொள்ளலாகாது. தடித்த நிலக்கரிப் படைகள் தீர்ந்த இடங்களிலே, மெல்லிய படையோடு கருங்கல்லையும் இயந்திரங்கள் அறுக்கின்றன. அக்கல்லிலிருந்து எழும் சிலிக்காத் தூசி கரித்தூசியினுங் கொடியது. புதிய கருவி தூசியின் நிறையைக் காட்டுமேயன்றி, அதிற் கல் எவ்வளவு, கரி எவ்வளவு என்பதைக் காட்டாது. சிலிக்காவின் எல்லையை ஒரு கன மீற்றருக்கு 50 மைக்கிரோகிராமாகக் குறைக்கும் விதி 2024இல் வெளியிடப்பட்டதாயினும், நிலக்கரிச் சுரங்கங்களில் அது நடைமுறைக்கு வருவது 2025இல் நீதிமன்ற வழக்கினால் தடைப்பட்டது.

இது ஏதோ தூரதேசத்துக் கதையென்று ஒதுக்கத்தக்கதன்று. இலங்கையின் காரீயச் சுரங்கத் தொழிலாளரிடமும் இவ்வினத்தைச் சேர்ந்த நோய் உண்டென்பதை 1972இல் வெளிவந்த வைத்திய ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. கல்லுடைக்கும் இடத்திலும், ஆலையிலும், தூசி பறக்கும் எத்தொழிலிலும் உண்மை ஒன்றே. துலாக்கோல் எவ்வளவு நுட்பமானதாயினும், அதனைப் பிடிக்குங் கை நடுநிலை தவறினால் நிறை பொய்த்துவிடும். மூச்சு விடுபவனே அளவையும் வாசிக்க வேண்டும்; வாசித்ததை அச்சமின்றி எடுத்துச் சொல்லும் உரிமையும் அவனுக்கு வேண்டும். சட்டமும் கருவியும் அவ்வுரிமைக்குத் துணை நிற்கும்போதே அளத்தல் என்பது காத்தல் ஆகும்.