கேட்காமல் பிடிக்கும் காசு

(திருகோணமலையில் வேலை பார்க்கும் தோட்டத்துத் தொழிலாளர் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கும் சீனக்குடாப் பக்கமும் வேலைக்கு வந்திருக்கிற நமக்கு, லயத்தில் இருக்கும் பெற்றோரோடு பேச இந்தப் போன்தான் வழி. அதனால் இன்றைக்குப் போன் காசைப் பற்றிப் பேசுகிறேன்.

தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு ஒரு தடவை 100 ரூபாய் ரீலோட் போட்டேன். சில நாளில், இரவில் நெஞ்சு அடைக்கிறது என்று எனக்கு எடுக்கப் பார்த்திருக்கிறார். போனில் காசில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் தன் போனில் எடுத்தது. அம்மா அதுவரை யாருக்கும் எடுத்துப் பேசவில்லை. கம்பனியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, ராசிபலனுக்கும் பாட்டுக்கும் தினமும் காசு பிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் ராசிபலன்!

எப்படிச் சேர்கிறது? திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வரும். அது போனால் போதும் என்று 'ஓகே' அழுத்துவோம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது பாடத்துக்குப் போன் கொடுங்கள் என்று சொன்னது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். எதை அழுத்தக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எங்கள் பிழை.

நாளுக்கு 3 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,095 ரூபாய். நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்க எத்தனை வருடம் போராடினோம்! 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது.

ஈ.பி.எப். போன்ற சட்டப் பிடித்தம் தவிர, சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கைவைக்க முடியாது. சங்கச் சந்தாவுக்கும் உங்கள் கையெழுத்து வேண்டும். போனில் மட்டும் விரல் பட்டதைச் சம்மதம் என்றால் எப்படி? இந்தியாவில் 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இரண்டாம் தடவையும் கேட்டு உறுதி வாங்காமல் இப்படிச் சேவை தொடங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கம்பனி, கேட்காத சேவைகளுக்குப் பில்லில் காசு சேர்த்த விவகாரத்தில் 2014இல் 10.5 கோடி டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

ஆகவே ரீலோட் போட்டவுடன் மீதியைப் பாருங்கள். பேசாமல் வைத்துவிட்டு மறுநாளும் பாருங்கள். குறைந்திருந்தால் கம்பனிக்கு எடுங்கள். தமிழில் பேசும்படி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். என்னென்ன சேவை ஓடுகிறது, எப்போது தொடங்கியது என்று கேட்டு, எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிடித்த காசையும் திருப்பிக் கேளுங்கள். இனிமேல் எதுவும் சேராமல் தடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள். (அவசரக் கடன் எடுத்திருந்தால் அடுத்த ரீலோடில் அதைக் கழிப்பார்கள். அதற்குக் கம்பனியைத் திட்டாதீர்கள்.) சரிவராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, இலக்கம் 1900. அங்கே முறையிட அந்தக் கொப்பி உதவும்.

கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். போனைக் கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் நம்பரையும் எழுதி வாருங்கள்.