கறுப்புக் கரையிட்ட தாள்



இறப்புச் செய்தியைக் கறுப்புக் கரையிட்ட தாளில் அச்சிட்டு வழங்குவது விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்கள் நன்கறிந்த வழக்கம். இறந்தவர் பெயர், நாள், ஈமக்கடன் நேரம் ஆகியவை அதில் இருந்தாற் போதும்.

காந்தியடிகள் மறைவுக்கு அவை போதவில்லை. 1948 சனவரி 30, வெள்ளிக்கிழமை மாலை அவர் தில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று இவ்விரு ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கியவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

பிரிவினைக் குருதி உலராத காலம் அது. கொன்றவன் யார் எனக் கூறாது விட்டிருந்தால், இசுலாமியர் மீது பழி விழுந்து நாடே எரிந்திருக்கக்கூடும். ஆதலின் அனைத்திந்திய வானொலி, கொன்றவன் ஓர் இந்து என்பதையும் சேர்த்தே அறிவித்தது. அவ்வொரு தொடர் பேரழிவைத் தடுத்தது எனலாம். ஆயினும் கோட்சேயின் சாதி தெரிந்தபின், மராட்டிய மண்ணில் அச்சாதியார் பலர் தாக்கப்பட்டனர். தனியொருவன் குற்றம் கூட்டத்தின் மீது ஏற்றப்பட்டது.

வானொலிப் பெட்டி அரிதாயிருந்த சிற்றூர்களுக்கு அச்சுத்தாளே செய்தி கொண்டு சென்றது. தலைவர் ஒருவரின் மறைவை அறிவிக்கும் தாளில் புகழ்மொழி குறைந்தாலும் குற்றமில்லை; இறப்பின் காரணம் திரியாது நிற்றல் வேண்டும். எழுதிக் கொடுப்பவரும் அச்சிடுபவரும் இப்பொறுப்பை உணர்தல் நன்று.

வாழ்க தமிழ்!