கூரைக்கு வெளியே நின்றவர்கள்

தாய்மார்களே, ஷிப்டு முடிந்து சட்டையில் ஒட்டிய பஞ்சோடு ராஜபாளையத்திலிருந்து வந்திருக்கும் மில் தோழர்களே, ஸ்ரீவில்லிபுத்தூரில் சுவர் எழுதும் தம்பிகளே!

நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான் தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லுங்கள். அதற்குக் கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்று எழுதியிருக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த வாய்மை தோற்ற ஊர் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு. வயலில் கூலி வேலை செய்தவர்கள் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக மிராசுதார்களின் அடியாட்கள் வந்தார்கள். ஓட முடியாத பெண்களும் பிள்ளைகளும் ராமையாவின் குடிசைக்குள் ஒண்டினார்கள். ஒரே கூரை. அதற்குத் தீ வைத்தார்கள். 44 உயிர். நெருப்பிலிருந்து வெளியே வீசப்பட்ட குழந்தையைத் திரும்ப நெருப்பிலேயே போட்டார்கள் என்று அந்த ஊர் இன்றும் சொல்கிறது.

1973-ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. என்ன காரணம் தெரியுமா? பெரும் நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள். இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது, கொன்றவர்கள் மட்டும் யாருமே இல்லை.

இந்த இடத்தில் கலை என்ன செய்தது? கடல் தாண்டி ஒரு படத்தைச் சொல்கிறேன். நார்மன் ராக்வெல் என்று அமெரிக்க ஓவியர். சிரிக்கும் குடும்பங்களையே பத்திரிகை அட்டைகளில் வரைந்து பேர் வாங்கியவர். 1964 ஜூனில் மிசிசிப்பியில் கறுப்பினத்தாரின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரையும் கொன்று மண்ணில் புதைத்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ராக்வெல் அதை வரைந்தார். ஒருவன் தரையில் கிடக்கிறான். சரியும் சேனியை ஷ்வெர்னர் தாங்கிப் பிடித்திருக்கிறார். வலப்புறமிருந்து தரையில் விழுகின்றன கொலைகாரர்களின் நிழல்கள். நிழல் மட்டும்தான். 1965-ல் ‘லுக்’ பத்திரிகை அந்தப் படத்தின் முன்வரைவையே அச்சிட்டது. அந்தக் கிழவரின் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த நிழலோடு எனக்குச் சண்டை உண்டு. நிழலுக்குப் பெயர் கிடையாது, அதைக் கூண்டில் ஏற்றவும் முடியாது.

நம்மிடமும் வேறொரு குறை உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வெண்மணியை நாவலாக்கியது. 1977-ல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. அதில் பண்ணையாருக்கு முகம் உண்டு. ஆனால் அவன் வெறிக்கு அவன் உடம்பின் குறையைக் காரணமாக வைத்தார். கூலிக்கும் சாதிக்கும் கொடிக்கும் எதிராக மூட்டிய தீ, ஒரு தனிமனிதனின் நோயாகச் சுருங்கிவிட்டது. இதை நான் ஏற்க மாட்டேன். பாரதி கிருஷ்ணகுமார் ‘ராமையாவின் குடிசை’ என்ற ஆவணப்படத்தில் உயிர் தப்பியவர்களையே பேச வைத்தாரே, அந்த வழி எனக்குப் பிடிக்கிறது. பார்த்தவர்கள் பேசினால் நிழலுக்கும் முகம் முளைக்கும்.

பழைய புண்ணைக் கிளறாதே, படம் போட்டால் பகை வளரும் என்கிறார்கள். கேட்கிறேன்: வெண்மணியை எந்தப் படம் எரித்தது? மேலவளவில் 1997-ல் தனி ஊராட்சியில் நின்று தலைவரானதற்காக முருகேசனை வெட்டினார்களே, எந்த ஓவியத்தைப் பார்த்து அரிவாள் எடுத்தார்கள்? படத்துக்குப் பயப்படுகிறவன் பகைக்குப் பயப்படவில்லை ஐயா, அடையாளம் தெரிந்துவிடும் என்றுதான் பயப்படுகிறான்.

ஓவியர் தம்பிகளே, உங்களிடமும் குறை உண்டு. வன்கொடுமை என்றால் தலைவிரித்து அழும் தாயை வரைகிறீர்கள். எத்தனை காலம் அவளையே அழவைப்பீர்கள்? பார்க்கிறவன் ஐயோ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

இந்தப் பந்தலுக்குப் பின்னால் சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். வெண்மணியை வரையுங்கள். குடிசையைக் கடைசியில் போடுங்கள். முதலில் வெளியே நின்றவர்களைப் போடுங்கள்: வேட்டி மடிப்பு, கையில் தீவட்டி, தள்ளி நிற்கும் கார். விடிவதற்குள் முடித்துவிடுங்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டும்.