தலை எண்ணிக்கையும் நிகழ்தகவு ஓட்டமும்

(தென்காசியில் நடந்த மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)

வெளியே சாரல் அடிக்கிறது. உங்களில் பாதிப் பேர் மனம் இந்நேரம் குற்றாலத்தில் இருக்கும். நானும் அங்கேதான் கூட்டிப்போகப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் ஆல்ஃபா சிதைவு நடத்திக்கொண்டிருந்தேன். அரை ஆயுட்காலத்தில் பாதி அணுக்கருக்கள் சிதைந்துவிடும் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், ஒரே ஒரு அணுக்கருதான் இருக்குன்னா? பாதி ஆல்ஃபாவா வெளிய வரும்?" வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "அது சிலபஸில் இல்லை, உட்காரும்மா" என்றேன். அந்த ஆண்டு முழுக்க அவள் வேறு கேள்வி கேட்கவே இல்லை. வீட்டில் பழைய எம்.எஸ்சி. நோட்டைத் தேடி எடுத்தபோதுதான், அவள் கேட்டது குவாண்டம் இயக்கவியலின் நடுமையத்தை என்று புரிந்தது.

அதைச் சொல்லித்தர எனக்குக் கைகொடுத்தது ஒரு சுற்றுலா. இரண்டு பேருந்துகளில் 84 பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிப் போயிருந்தோம். திரும்பும்போது தலை எண்ணினோம். எங்கள் வண்டியில் 41, அடுத்ததில் 43. மொத்தம் சரி, ஆனாலும் எனக்குப் பகீரென்றது. நண்பனோடு உட்கார ஒருவன் வண்டி மாறியிருந்தான். இங்கே மறைந்து அங்கே தோன்றிவிடவில்லை அவன். எங்கள் படியில் இறங்கி, நடந்து, அந்தப் படியில் ஏறியிருக்கிறான். மொத்தம் மாறவில்லை என்பது பலவீனமான விதி. வண்டிக்குள் எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவும் வாசல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்பது வலுவான விதி.

பதினொன்றாம் வகுப்பில் பாய்மங்களுக்கு நாம் நடத்தும் தொடர்ச்சிச் சமன்பாடு இதேதான். குறுக்குப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் மாறிலி என்பது, நடுவில் எங்கும் நீர் தேங்காத குழாய்க்கு மட்டும் பொருந்தும் வடிவம். பேரருவியைப் பாருங்கள். தண்ணீர் நேரே தரைக்கு வருவதில்லை. இடையில் பொங்குமாங்கடலில் விழுந்து, நிரம்பி, பொங்கி வழிகிறது. அதில் மட்டம் உயரும் வேகம், உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம். முழு வடிவம் அதுதான். மட்டம் அசையாமல் இருந்தாலும் நீர் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதையும் பிள்ளைகள் அங்கேயே கவனிப்பார்கள்.

1926இல் ஷ்ரோடிங்கர் தம் அலைச் சமன்பாட்டை வெளியிட்டார். அதே ஆண்டு மேக்ஸ் போர்ன், அலைச் சார்பின் அளவின் இருமடி, துகளை ஓரிடத்தில் காண்பதற்கான நிகழ்தகவு அடர்த்தியைத் தரும் என்றார். எங்கெங்கும் கூட்டினால் 1 வர வேண்டும். இது தலை எண்ணிக்கை. ஆனால் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்தே வலுவான விதியும் கிடைக்கிறது. ஒரு பகுதிக்குள் நிகழ்தகவு குறைந்தால், அதன் எல்லை வழியே அதே அளவு வெளியே ஓடியிருக்கும். இதற்குத்தான் நிகழ்தகவு ஓட்டம் என்று பெயர். அலைச் சார்பின் கட்டம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்தது அது. நிலை அலையில் ஓட்டம் சுழி. முன்னோக்கிச் செல்லும் அலையில், அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆறு போலவே.

இப்போது அந்த மாணவிக்கு வருகிறேன். நமக்குத் தெற்கே குமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம். தோரியம் 232இன் அரை ஆயுட்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அது வெளிவிடும் ஆல்ஃபா துகளின் ஆற்றல் ஏறத்தாழ 4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அதைச் சுற்றி நிற்கும் ஆற்றல் அரணோ பல மடங்கு உயரம். பழைய இயற்பியல்படி அது வெளியே வரவே முடியாது. 1928இல் காமோவும், தனியாக கர்னி, காண்டன் இருவரும், அரண் வழியே அலை மிக மெலிதாகக் கசிவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கசிவுதான் நிகழ்தகவு ஓட்டம். உள்ளே உள்ள நிகழ்தகவு 1இலிருந்து அரைக்கு இறங்க 1,400 கோடி ஆண்டுகள். குறைந்த அரை எங்கும் தொலையவில்லை, அரணைக் கடந்து வெளியே இருக்கிறது.

ஆக, பாதி ஆல்ஃபா வராது. ஓடுவது துகளின் துண்டு அல்ல, நிகழ்தகவு. கருவியை வைத்துப் பார்த்தால் முழு ஆல்ஃபா வெளியே இருக்கும், அல்லது முழுதாக உள்ளே இருக்கும். இன்னொன்று: இன்று வரை சிதையாத தோரியம் அணுக்கருவுக்கு வயதாவதும் இல்லை. நாளைக்கு அது சிதையும் வாய்ப்பு, நேற்று இருந்த அதே வாய்ப்புதான்.

அருவி உவமை உடையும் இடமும் இதுவே. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஐந்தருவியில் தண்ணீர் உண்மையாகவே ஐந்தாகப் பிரிகிறது. எந்தக் கிளையில் குடத்தை வைத்தாலும் கொஞ்சம் நிரம்பும். ஒற்றை எலக்ட்ரானுக்கு ஐந்து வழி கொடுத்தால் நிகழ்தகவுதான் ஐந்தாகும். ஐந்து குடம் வைத்தால் ஒன்றில் மட்டும் முழு எலக்ட்ரான், மற்ற நான்கும் காலி. 1989இல் ஜப்பானில் டொனோமுரா குழுவினர் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் திரையில் ஒரு முழுப் புள்ளியாக விழுந்தது. புள்ளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் அலையின் வரிகள் தெரிந்தன.

நல்ல மாணவன் இங்கே மடக்குவான்: "ஒரு குடத்துல கண்டுபிடிச்சதும் மத்த நாலு குடத்து நிகழ்தகவு எந்த வாசல் வழியா இங்க ஓடி வந்துச்சு டீச்சர்?" எந்த வாசல் வழியாகவும் இல்லை. தொடர்ச்சிச் சமன்பாடு ஓர் அளவீட்டுக்கும் அடுத்த அளவீட்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்கே. அளவிடும் கணத்தில் நடப்பது என்ன என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இதைச் சொன்னால் நம் மதிப்பு குறையும் என்று நானும் பயந்தேன். சொன்ன அன்று மணி அடித்த பிறகும் நாலு பேர் என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

மதிய உணவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கேள்விகள் கேளுங்கள். சிலபஸில் இல்லாததாக இருந்தாலும் பரவாயில்லை.